வெயிலில் பார்க்க வேண்டிய மை

நிப்பின் நுனியிலிருந்து மை இறங்குகிறது, தண்ணீருக்குள், நேராக அல்ல, கொஞ்சம் தயங்கி, வளைந்து, ஒரு நூல் இரண்டாகப் பிரிந்து, பிரிந்த இடத்தில் புகைபோல விரிந்து, குடிப்பதற்காக ஹோட்டல்காரர்கள் மேசையில் வைத்த கண்ணாடி டம்ளர் அது, மயிலண்ணாவின் தடித்த விரல்கள் என் கறுப்பு எபோனைட் பேனாவின் கழுத்தைப் பிடித்திருக்கின்றன, இன்னொரு கையில் கோழிக்கு மருந்து புகட்டுகிற ஊசியில்லாத சிரிஞ்சு, அழுத்துகிறார், இன்னொரு நூல் இறங்குகிறது, நான் நாலைந்து மேசை தள்ளி நின்று பார்க்கிறேன், என் முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் மிச்சமிருக்கிறது, அது வேணி மை ஊற்றிய பேனா, என் மனைவி கடைசியாக ஊற்றியது, அவள் போன பிறகு நான் அதில் எழுதவில்லை, கழுவவில்லை, திறக்கவே இல்லை, எழுதினால் தீரும், கழுவினால் போகும், மூடியோடு அப்படியே இருந்தால் உள்ளே அவள் ஊற்றியது இருக்கும், அவ்வளவுதான் என் கணக்கு, இப்போது அது வெளியே வந்துகொண்டிருக்கிறது.

காலையில் மயிலண்ணாவின் கார் திருப்பூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது, விடாமல் அடித்தது, பேனாக் கண்காட்சிக்கு நான் வரவில்லை என்று முந்தைய நாளே பேனாக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தேன், அதை அவர் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், இருபதாயிரம் கோழியும் நூற்றுக்கும் மேலே பேனாவும், முன் சீட்டில் டாக்டர் ஷாஹிதா, பல் டாக்டர், டாக்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம், கண்ணாடியை இறக்கி, தம்பி, சட்டையை மாட்டிட்டுப் பேனாப் பையைத் தூக்கிட்டு வாங்க, வேற ஒண்ணும் கேக்கல என்றார், நான் பையை எடுத்தேன், எதை எடுப்பது எதை வைப்பது என்று பிரிக்கத் தோன்றவில்லை, ஒரு வருடமாக எதையும் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை, சாப்பாடு என்றால் சாப்பாடு, ஆபீஸ் என்றால் ஆபீஸ், அவிநாசி தாண்டும்போது மயிலண்ணா ஒரு பிஸ்டன் பேனாவைப் பற்றிப் பேசிக்கொண்டே லாரியை இடதுபக்கம் முந்தினார், டாக்டரக்கா அவரைத் திட்டினார், ஏனுங்கண்ணா, பேனா வாங்கப் போறமா, மேல போறமா என்று கேட்டார், கேட்டுவிட்டு, என்னைக் கண்ணாடியில் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை, வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூர் ஹோட்டலின் ஹாலுக்குள் நுழைந்ததும் சத்தம், ரப்பரைச் சூடுகாட்டியதுபோல எபோனைட்டின் வாசனை, மேசை மேசையாகப் பேனா, அவரவர் பையை விரித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவது இங்கே வழக்கம், யார் வேண்டுமானாலும் யார் பேனாவையும் எடுத்து எழுதிப் பார்க்கலாம், கேட்க வேண்டியதில்லை, அழுத்தாமல் எழுத வேண்டும், எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம், நானும் பையை விரித்துப் போட்டேன், பழக்கத்தில், கை தானாகச் செய்தது, பிறகு விற்பனைக்கு வைத்திருந்த ஒரு மேசையில் பச்சைப் பேனா ஒன்றைப் பார்த்தேன், பச்சைக்குள் பழுப்பு ஓடி, மழைக்குப் பிறகு குட்டைத் தண்ணீரில் சேறு சுழல்வதுபோல, கையில் எடுத்தேன், எடை சரியாக வந்து உட்கார்ந்தது, நிப்பைத் தாளில் வைத்தேன், தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் என்று எழுதினேன், புதுப் பேனா எதைக் கொடுத்தாலும் நான் எழுதுவது அதுதான், ஊரெல்லாம் தன் பேரை எழுதிப் பாக்குது, நீங்க மட்டும் ஏனுங் சந்தைக்குப் போறீங் என்று வேணி சிரிப்பாள், விற்கிறவரும் சிரித்தார், நிப்பு கொஞ்சம் உலர்வாக இருக்கிறதே, மை சரியாக இறங்கவில்லை என்றேன், இல்லை என்றார், நான் இன்னொரு கோடு போட்டுக் காட்டினேன், அவர் நிப்பைப் பார்க்க லென்சை எடுத்தார், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் எனக்காக வாதாடினார், குரல்கள் ஏறின, அதில் ஒரு குரல் மற்றவற்றைவிட உயர்ந்து கேட்டது, வேகமாக, சந்தோஷமாக, யாரது இப்படிக் கத்துவது என்று நினைத்தேன், நான்தான், எவ்வளவு நேரமாக அவளை நினைக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை, தெரியவில்லை என்பது தெரிந்த நொடியில் திரும்பினேன், டம்ளரில் நீலம் இறங்கிக்கொண்டிருந்தது.

காய்ந்த பேனாவைப் பார்த்தால் மயிலண்ணாவுக்குக் கை சும்மா இருக்காது, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுகிற பெண்களைப்போல, கேட்க மாட்டார், கழுவிவிடுவார், இதைப் பல பேர் நன்றியோடு அனுபவித்திருக்கிறோம், நான் மேசைக்கு வந்து சேர்ந்தபோது நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், தம்பி, உள்ளே கட்டியாக் காஞ்சு கெடந்துச்சு, நல்ல பேனாவை இப்படியா போடுறது, பாருங், இப்ப எப்படி வருதுன்னு, டாக்டரக்கா அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார், அவர் கண் என்னிடமிருந்து பேனாவுக்குப் போனது, அந்தப் பேனாவில் வேணி எழுதி அவர் பார்த்திருக்கிறார், மயிலண்ணா, கையை எடுங்க என்றார், மெதுவாக, பல்லைப் பிடுங்கும்போது சொல்வதுபோல, மயிலண்ணாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது, புரிந்ததும் அந்தப் பெரிய உடம்பு சுருங்கியது, வேணிப் புள்ள ஊத்துனதா சாமி என்றார், நான் தலையை ஆட்டினேன், அவர் கை டம்ளருக்குள்ளேயே இருந்தது, வெளியே எடுத்தால் இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல.

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை, அழுகை வரும், அதுவும் இல்லை, நிறம்தான் வருகிறது, அது கறுப்பாக அல்லவா இருந்தது, அன்று சமையலறை மேடையில் வேணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபில்லரால் மை கலக்குகிறாள், சாயப்பட்டறை லேபில் அவளுக்கு வேலை, கொடுத்த துணியின் நிறத்துக்குப் பொருந்துகிற சாயத்தைச் சேர்ப்பது, எனக்குப் பேனாப் பித்து, அவளுக்குப் பேனா என்பது மை போகிற ஒரு குழாய், அவ்வளவுதான், என்ன கலக்குகிறாய் என்று எட்டிப் பார்க்கிறேன், முழங்கையால் தள்ளுகிறாள், எங்க லேப்ல ஃபார்முலா வெளிய சொல்றதில்லீங் என்கிறாள், பேனாவில் ஊற்றி மூடி துடைத்துக் கையில் தருகிறாள், எழுதிப் பார்க்கிறேன், தக்காளி, கறுப்புதானே என்கிறேன், டியூப்லைட்ல எல்லாம் கறுப்புத்தான், வெயில்ல பாருங் என்கிறாள், வெளியே ஆடி மூட்டம், காற்று வேறு, வாசலில் காயப்போட்ட துணி மாடிப்படிவரை பறக்கிறது, வெயில் எங்கே இருக்கிறது என்கிறேன், வரட்டுமுங், வந்தாப் பாப்பம், இப்ப என்ன அவசரம், சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள், அந்த வாரம் வெயில் வரவில்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரி ஜன்னலிலும் மூட்டம், பிறகு வெயில் வந்தது, நிறைய வந்தது, நான் பேனாவைத் திறக்கவில்லை.

டம்ளரை எடுத்தேன், ஹாலின் குறுக்கே நடந்தேன், ததும்பிவிடாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவில் ஆட்கள் விலகினார்கள், எதற்கென்று தெரியாமலே விலகினார்கள், பின்னால் மயிலண்ணா, அவர் பின்னால் டாக்டரக்கா, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், பதினோரு மணி வெயில், டம்ளரைத் தூக்கினேன், வேணி.

கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை, நாவல்பழம் தின்ற நாக்கில் ஓரமாக ஒட்டியிருக்கும் அது, இல்லை, அதைவிடத் தெளிவு, டம்ளரைச் சாய்த்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு ஓடுகிறது, நேராக்கினால் மறைந்துவிடுகிறது, அடே என்றார் மயிலண்ணா, அதற்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள், பேனாக்காரர்கள் முன்னால் ஒரு நிறத்தை வைத்துவிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது, இது ஜப்பான் மை என்றார் ஒருவர், ஜெர்மன் என்றார் இன்னொருவர், ஒருத்தர் போனில் படத்தைத் தேடி டம்ளர் பக்கத்தில் பிடித்தார், கடையில் வாங்கியது இல்லை, என் மனைவி கலந்தது என்றேன், அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொல்லிப் பல நாளாகிறது, எதோடு எது கலந்தது என்றார்கள், ஃபார்முலா வெளியே சொல்ல மாட்டாள் என்றேன், நிகழ்காலத்தில் சொன்னேன், யாரும் திருத்தவில்லை.

டாக்டரக்கா கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீளமாகக் கிழித்து ஒரு முனையைத் தண்ணீரில் தொட்டார், பிடித்துக்கொண்டு நின்றோம், ஈரம் மேலே ஏறியது, நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றன, அடியில் சாம்பல் தங்கிவிட்டது, அது நான் தினம் எழுதும் மை, அதன் மேலே நீலம், அதுவும் என்னுடையதுதான், புட்டியில் பாதி இருக்கும்போதே அலுத்துப்போய் விட்டுவிட்டேன், எல்லாவற்றையும் தாண்டி உச்சிக்கு ஓடிப்போய் நின்றது ஒரு ரோஸ், பஞ்சுமிட்டாய் ரோஸ், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, படத்தில் மெரூன் மாதிரி தெரிந்து ஆர்டர் போட்டு வந்து சேர்ந்த ரோஸ், இதில் எழுதினால் மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று அலமாரியின் பின்னால் தள்ளிவிட்டது, வேஸ்ட்டுன்னு ஒரு கலர் கெடையாதுங், சேர்க்கத் தெரியணும் என்பாள், அதைப் போய் எடுத்திருக்கிறாள், அந்த வாரம் அதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறேன், சிரித்தேன், நிறுத்த முடியவில்லை, மயிலண்ணா என் தோளைப் பிடித்துக்கொண்டார், சிரிப்பு எங்கேயோ ஓரிடத்தில் திசை மாறி, அவர் சட்டை நனைந்தது, அவர் நகரவில்லை, கோழிப்பண்ணை வாசனையும் சோப்பு வாசனையும், சுற்றி நின்றவர்கள் வெயிலைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

புட்டி கொடுங்க யாராச்சும், பத்திரமா ஊத்தி மூடிக் குடுத்தர்லாம் என்றார் மயிலண்ணா, நாலு பேர் காலிப் புட்டி நீட்டினார்கள், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், நீட்டினவர்களுக்கும் தெரியும், தண்ணீர் கலந்த மை தங்காது, சில நாளில் மேலே பூஞ்சை பிடிக்கும், நாற்றம் எடுக்கும், கொட்ட வேண்டியதுதான், வைத்திருக்க முடியாது, எழுதினால் எழுதலாம், டாக்டரக்கா என்னையே பார்த்தார், உங்க இஷ்டம் தம்பி என்றார், எழுதிரலாம்கா என்றேன்.

மறுபடி மேசை, மயிலண்ணாவின் சிரிஞ்சால் டம்ளரிலிருந்து உறிஞ்சிப் பேனாவின் வயிற்றில் விட்டேன், கழுத்தைத் திருகினேன், இந்தப் பேனா எழுதுமா என்று எனக்கே சந்தேகம், தாளில் வைத்தேன், ஒன்றும் இல்லை, இன்னொரு முறை, ஒன்றும் இல்லை, எல்லோரும் குனிந்திருக்கிறார்கள், மூச்சு என் கழுத்தில் படுகிறது, மூன்றாவது இழுப்பில் ஓர் ஈரம், பிறகு வெளிர் ஊதா, பிறகு ஓடியது, தக்காளி, வெங்காயம், என்ன கண்றாவிடா இது, காய்கறிக் கணக்கா என்று யாரோ முணுமுணுத்தார்கள், கறிவேப்பிலை, கொத்தமல்லி, எழுத்து காயக் காய ஓரம் மட்டும் சிவந்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் யாரோ உள்ளேயிருந்து கோடு போட்டதுபோல, பக்கம் நிறைந்தது, டாக்டரக்காவிடம் கொடுத்தேன், அவர் உருதுவில் ஏதோ எழுதினார், வலமிருந்து இடமாக அந்த நிறம் போனது, யார் யாரோ எழுதினார்கள், பேர், கையெழுத்து, வளையம் வளையமாக எட்டு, ஒருவர் தன் மகள் பேர், பச்சைப் பேனா விற்றவர்கூட வந்து எழுதினார், உங்க நிப்பும் உலர்வுதான் என்று என்னைக் குத்திவிட்டுப் போனார், தீரத் தீர நான் டம்ளரிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், எழுதித் தீர்ப்பது இவ்வளவு சந்தோஷம் தரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மயிலண்ணா மட்டும் தள்ளி நின்றார், எழுதுங்கண்ணா என்றேன், வேண்டாஞ்சாமி, என் கை பட்டதே போதும் என்றார், கையில் திணித்தேன், கடைசி வரி அவருடையது, வேணி என்று எழுதத் தொடங்கி இரண்டாம் எழுத்தில் மை தீர்ந்துவிட்டது, நிப்பு தாளில் வெறும் தடம் போட்டது, அவர் பேனாவைத் திருப்பிப் பார்த்தார், காலியான டம்ளரைப் பார்த்தார், கை பழக்கத்தில் தண்ணீர் ஜாடிப் பக்கம் போய்ப் பாதியில் நின்றுவிட்டது, என்னைப் பார்த்தார், நான் ஜாடியை எடுத்து டம்ளரில் ஊற்றினேன், புதுத் தண்ணீர், பேனாவை வாங்கிக் கழற்றினேன், நிப்பை முக்கினேன், சிரிஞ்சைப் பொருத்தி நானே அழுத்துகிறேன், ஒரு நூல் இறங்குகிறது, மெல்லியது, பாதி வழியில் ரோஸ் தனியாகப் பிரிகிறது, இன்னொரு முறை, நூல் இன்னும் மெலிந்து, இன்னொரு முறை, தண்ணீர் மட்டும், தண்ணீருக்குள் தண்ணீர், துடைத்து, கண்ணாடிக் கதவு வழியே வந்த வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், நிப்பின் நடுப்பிளவில் வெளிச்சம் தெரிந்தது, சுத்தமா இருக்குதுங்களாண்ணா என்றேன், சுத்தமாயிருச்சுங் தம்பி என்றார், என்ன மை ஊத்தலாம்.