மேலகரத்து ஓரமண்

ஜெபமலர் கார் ஓட்டப் பழகிய நாளிலிருந்து தங்கபுஷ்பத்துக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். தென்காசியில் மரக்கடை வைத்திருந்த அண்ணன் தம்பியில், அண்ணன் ஏசுவடியானின் மனைவி தங்கபுஷ்பம். தம்பியின் மனைவி ஜெபமலர். ஜெபமலர் பாளையங்கோட்டையில் படித்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே, கடைக்கென்று வாங்கிய பியட் காரைப் புருஷனிடம் கேட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களை நிறுத்தி நிறுத்தி, "எங்க சின்னவ காரோட்டுதா, தெரியுமா?" என்றாள்.

அந்தப் பேச்சுதான் தங்கபுஷ்பத்தைச் சுட்டது. திருவேங்கடத்தில் பிறந்த வீட்டில் அவள் வில்வண்டி ஓட்டியவள். கரிசல் காட்டுப் பாதையில் அவள் வண்டியை முந்த அண்ணன்மாராலேயே முடியாது. கல்யாணமான புதிதில், வண்டிக்காரன் வராத ஒருநாள், அவளே மாட்டைப் பூட்டி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். இதே மாமியார்தான் ஓடி வந்தாள். "எறங்குட்டி கீழ! நம்ம வீட்டுப் பொம்பளையா மாட்டுக்கயிறு பிடிக்கது?" இறங்கியவள் அதை அத்தோடு மறந்துபோனாள். இப்போது விடிந்தால் அதே நினைப்பு.

அறுபத்து நாலாம் வருஷம் ஆனிச் சாரலில், மாமியாரின் தங்கை குடும்பம் நாசரேத்திலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருந்தது. இடியாப்பமும் கோழிக்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்படி மருமகள்கள் இருவரையும் மாமியார் அனுப்பினாள். ஜெபமலர் காரை எடுத்தாள். தங்கபுஷ்பம் மடியில் குழம்புத் தூக்குவாளியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குற்றாலம் சாலையை அகலப்படுத்தும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. பாதித் தூரம் புதுத் தார் மினுங்கியது. ஒரு வரிசை மருதமரங்கள் போய்விட்டதால், எப்போதும் இருட்டாகக் கிடக்கும் சாலையில் வானம் தெரிந்தது. தார் டின்களும் ஜல்லிக் குவியல்களும் ஓரத்தில் கிடந்தன. ஜெபமலர் வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அலுங்காமல் ஓட்டினாள். தலையில் மண்கூடையோடு நின்ற சித்தாள் பெண்கள் அவளைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தார்கள். "ஏ, பொம்பள ஓட்டுதா பாருங்கட்டி! ராணியாட்டம்லா போறா!" என்று ஒருத்தி கத்தினாள். ஜெபமலர் ஹாரனை ஒருமுறை தட்டினாள். அவர்கள் யாரும் தங்கபுஷ்பத்தைப் பார்க்கவில்லை. தூக்குவாளியைப் போலத்தான் அவளும் வண்டியில் ஒரு சாமானாக இருந்தாள்.

மேலகரம் தாண்டியதும் ஓர் ஆள் சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்தினான். பெயர் அய்யாக்குட்டி. சாரலுக்குத் தலையில் சாக்கைப் போட்டிருந்தான். தங்கபுஷ்பத்தின் பக்கம் குனிந்து, "ஓரமண்ணு இன்னும் இறுகலம்மா. பாக்க நல்லாத்தான் இருக்கும், சக்கரம் உள்ள போயிரும். எதுக்க வண்டி வந்தா அப்படியே நிக்கச் சொல்லுங்க. ஓரத்துல எறக்கிராதிய" என்றான்.

இன்ஜின் இரைச்சலில் ஜெபமலருக்குக் காதில் விழவில்லை. "என்னக்கா சொல்லுதாரு?"

ஒரு நொடிதான். "போலாம்ங்கான்" என்றாள் தங்கபுஷ்பம். கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

கொஞ்ச தூரத்திலேயே எதிரே குற்றாலத்து பஸ் வந்தது. ஜெபமலர் மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கினாள். மண் நெகிழ்ந்தது. கார் சரிந்து, பள்ளத்துக்குள் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது. கோழிக்குழம்பு தங்கபுஷ்பத்தின் சேலையெல்லாம் வழிந்தது. கதவில் மோதிய தோள் விண்ணென்று வலித்தது.

பஸ் நின்றது. ஆட்கள் இறங்கி வந்து காரை வளைத்துக்கொண்டார்கள். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தாம்லே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பஸ் டிரைவர் ஜெபமலரிடம், "நீங்க எறங்குங்கம்மா, நான் எடுத்துத் தாரேன்" என்றார். ஜெபமலர் ஸ்டியரிங்கை விடவில்லை. உதட்டைக் கடித்து அழுகையை அடக்கினாள்.

இதைப் பார்க்கத்தான் தங்கபுஷ்பம் இத்தனை நாளும் ஏங்கினாள். பார்த்தபோது இனிக்கவில்லை. அந்தச் சிரிப்பு தன்னையும் சேர்த்துத்தான் அடித்தது.

அதற்குள் அய்யாக்குட்டி மூச்சிரைக்க ஓடி வந்தான். "அந்தம்மாட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

ஜெபமலர் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தங்கபுஷ்பம், பின்னிருக்கைக்குத் தவழ்ந்து, மேலே நின்ற பின்கதவு வழியாக வெளியேறினாள்.

"அவர் சொன்னாரு. நான்தான் இவகிட்டச் சொல்லல" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இவ மேல ஒரு தப்பும் கிடையாது. வண்டிய இவதான் எடுப்பா. சிரிச்சது போதும், தள்ளுங்க."

சிரித்தவர்கள் அடங்கினார்கள். அய்யாக்குட்டி சக்கரத்துக்கு அடியில் ஜல்லியைத் திணித்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கபுஷ்பமும் சேற்றில் இறங்கித் தோள் கொடுத்தாள். ஜெபமலர் பொறுமையாக முன்னும் பின்னும் அசைத்து, ஒரே உறுமலில் காரை மேலே ஏற்றிவிட்டாள்.

மறுபடி கிளம்பியதும் ஜெபமலர் கேட்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுனிய?"

"பொறாமைதான். வேற என்னத்தச் சொல்ல?"

"உங்க பக்கந்தான கவுந்துச்சு. பள்ளம் இன்னும் ஆழமா இருந்தா மொத அடி உங்களுக்குத்தான?"

"அத நான் நெனைக்கவே இல்லட்டி" என்றாள் தங்கபுஷ்பம். உண்மையாகவே அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை.

ஜெபமலர் உடனே மன்னித்துவிடவில்லை. குற்றாலத்தில் இடியாப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் மாமியார் நசுங்கிய மட்கார்டைத் தடவிப் பார்த்து, "இதுக்குத்தான் பொம்பளைக்கு எதுக்குக் காருங்கது" என்று ஆரம்பித்தாள். "அவ நல்லாத்தான் ஓட்டுனா, அத்தை. தப்பு என் மேல. கொடி பிடிச்சவன் சொன்னத மறைச்சது நான்தான்" என்றாள் தங்கபுஷ்பம். அன்றைக்கு வாங்கிய ஏச்சு அந்த வீட்டில் வேறு யாரும் வாங்காதது.

ஒரு மாதம் போல ஜெபமலர் அவளிடம் அளந்துதான் பேசினாள். ஆடியில் சாலை முழுதாகத் திறந்தபோது, போவோமா என்று அவளே வந்து கூப்பிட்டாள்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. புதுச்சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனபோது தங்கபுஷ்பத்தின் நெஞ்சு முன்போலவே எரிந்தது. வெளியே பார்க்கப் பிடிக்காமல், ஜெபமலர் எந்தக் காலால் எதை மிதிக்கிறாள் என்றே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெபமலர் அதைக் கவனித்துவிட்டாள். சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"இந்தா, இதுதான் கிளட்ச். நல்லாப் பாத்துக்கோங்க."