தேறாத கன்றுகள்

எழுபத்தெட்டாம் ஆண்டு மழைக்காலம் முடிந்ததும், தில்லியில் முனிர்காவை ஒட்டிய குடிசை வரிசையில் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று இரண்டு எருமைக் கடாக்கன்றுகளைப் பொதுவில் வாங்கின. பால் கறந்து விற்போருக்குக் கடாக்கன்று வேண்டாத சுமை. ஆகையால் அவை எளிதில் கிடைத்தன. தேர்ந்தெடுத்து ஓட்டி வந்தவர் இருதயசாமி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்பதனால் அவர் சொல்லுக்கு அவ்வரிசையில் எதிர்ச்சொல் கிடையாது. கன்றுகளைத் தன் குடிசைக்குப் பின்னே கட்டித் தீனி போடும் வேலையைச் செங்கம்மாள் ஏற்றாள். சாணம் முழுவதும் அவளுடைய வறட்டிக்கு என்று பேச்சு.

நவம்பர் பிறந்தும் கன்றுகள் தேறவில்லை. வயிறு மட்டும் பானை போல் உப்பியிருக்க, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இருதயசாமி முதலில் குளிரைக் குறை கூறினார், பின்பு வைக்கோலை, அதன் பின்பு, தாய்ப்பாலை ஒட்டக் கறந்துவிட்ட பால்காரனை. பழி சுமத்த வேறொன்றும் அகப்படாத ஒரு காலையில், குழாயடியில் குடங்களோடு நின்றவர் யாவரும் கேட்க, வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"கன்னுக்கு வாங்கிப் போட்ட புண்ணாக்கு உன் ஆட்டு வயித்துக்குத்தான் போவுதா, செங்கம்மா?"

"என் ஆட்ட வந்து பாருங்கண்ணே. அது உங்க கன்ன விட இளைச்சுக் கெடக்குது" என்றாள் அவள்.

சிலர் சிரித்தனர். ஆயினும் மறுநாள் முதல், அவள் அருகில் வந்தால் பெண்கள் தம் வாளிகளைக் காலோடு இழுத்து வைத்துக்கொண்டனர்.

அந்த வாரமே கால்நடை மருத்துவர் வந்தார். செங்கம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தவள் இருதயசாமியின் மனைவி மார்கரெட். மருத்துவர் கன்றின் கீழிமையை விலக்கிப் பார்த்தார்; வெளுத்திருந்தது. சாணத்தைக் குச்சியால் கிளறினார்.

"பேட் மே கீடே" என்றார். வயிறு நிறையப் புழு. கன்று வாங்கிய அன்றே தாம் கொடுத்த மருந்தை ஊட்டவில்லையா என்றும் ஹிந்தியில் கேட்டார்.

பக்கத்தில் நின்ற இருதயசாமி தலை குனிந்தார். மருந்தின் கசப்பு இறைச்சியில் இறங்கிப் பண்டிகைச் சாப்பாடு பாழாகும் என்றெண்ணி, அதை அவர் பரண்மேல் போட்டுவைத்திருந்தார். வயிறு உப்பிய குழந்தைகளுக்கு நாள்தோறும் பூச்சி மருந்து அளந்து கொடுக்கும் கை அவருடையது.

"நீங்க மருந்து குடுக்கற புள்ளைங்க எல்லாம் கசந்தா போச்சுங்க?" என்றாள் மார்கரெட். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொம்பள மொகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள்.

அன்று மாலை அவர் செங்கம்மாளின் வாசலுக்குப் போனார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் விவரத்தைச் சொன்னார்.

அவள் அடுப்பை விட்டு எழவில்லை. "கொழாயடில கூவுனீங்க. இப்ப என் வூட்டு வாசல்ல வந்து முனகுறீங்க. போங்கண்ணே, சோறு பொங்கணும்."

மறுநாள் காலை, தண்ணீருக்கு ஒருநாளும் வராத இருதயசாமி வாளியுடன் வரிசையில் நின்றார். செங்கம்மாளின் குடம் குழாய்க்கு அடியில் இருந்தது. தொண்டையைக் கனைத்தார்.

"கன்னு விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாரு செஞ்ச தப்புண்ணே?" என்றாள் அவள், குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெண்கள் திரும்பினர். அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

"நான் செஞ்சது. டாக்டர் குடுத்த பூச்சி மருந்த நான்தான் குடுக்கல. புண்ணாக்குல செங்கம்மா கை வைக்கல."

ஒருவரும் சிரிக்கவில்லை. எவரேனும் சிரித்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும். செங்கம்மாள் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"நகருங்கண்ணே, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் நகர்ந்து நின்றார். வாளியில் தண்ணீர் பிடிக்கவேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.