பெண் அழைப்புக்குப் போன பெட்டி வேன்

எங்கள் வேனைக் கருவாட்டு வண்டி என்று முதலில் சொன்னது என் சம்பந்தியம்மாள் வெங்கடம்மாதான். வாங்கிய புதிதில் அதில் கருவாடு ஏற்றி வந்தது உண்மை. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர்கள் கருவாடு ஏற்றாமல் கண்ணாடிச் சிலையா ஏற்றுவார்கள்? அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் அந்த வண்டியைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டாததுதான் பாக்கி. வாசனை போய்விட்டது. பெயர் போகவில்லை.

நல்ல வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் முழுக்கத் தகரம் அடித்த பெட்டி, ஜன்னல் கிடையாது. கதவில் ‘சுமை ஒரு டன்’ என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். என் மகள் மாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பீரோ, கட்டில், அண்டா குண்டா என்று சீர் முழுவதையும் அதில் ஒரே நடையில் ஏற்றினோம். பீரோவைப் படுக்கப் போட்டு, அதன்மேல் மெத்தையைச் சுருட்டி வைத்தும் இடம் மிச்சமிருந்தது.

கல்யாணம் மாப்பிள்ளை ஏகநாதனின் ஊரான பூதிகோட்டையில். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். அந்த ஊர் எல்லைப் பிள்ளையார் கோயில்வரை நாங்கள் பெண்ணைக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஆரத்தி சுற்றி, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வண்டியில் ஏற்றி அழைத்துப் போவார்கள். “என் மருமக கருவாட்டு வண்டியில வந்து பந்தல்ல எறங்கக் கூடாது” என்று சொல்லி, வெங்கடம்மா பங்காருப்பேட்டையிலிருந்து படகு மாதிரி ஒரு கார் பேசி, மாலை கட்டி, தானும் அதில் கோயிலுக்கு வந்து இறங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பந்தியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆரத்தி சுற்றியதும் மாலா அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கார் முன்னால் போக, சீரோடு எங்கள் வேன் பின்னால் போனது. முதல் பஸ்ஸில் வந்திருந்த எங்கள் ஆட்கள் நடந்து வந்தார்கள். எல்லோரும் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள், எங்கள் கடை வாடிக்கைக்காரர்கள். முதல்நாள் பெய்த மழையில் ஏரிக்கரை ஏற்றம் களிமண்ணாகக் குழைந்து கிடந்தது. பாதி ஏற்றத்தில் கார் ஓரமாகச் சறுக்கி, பின்சக்கரம் சேற்றில் இறங்கி, எஞ்சினும் அணைந்தது. டிரைவர் எத்தனை முறை சாவியைத் திருகியும் உயிர் வரவில்லை.

எங்கள் ஆட்கள் தள்ளினார்கள். கால் வழுக்கியதே தவிர கார் நகரவில்லை. உழவு மாடு ஓட்டிவர ஒருவர் ஊருக்குள் ஓடினார். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாலி ஏற வேண்டும்.

“மாலா, எறங்குடி. நடந்தே போயிடலாம்” என்றேன்.

“அது ஆவாது!” என்று வெங்கடம்மா காருக்குள்ளிருந்து கத்தினாள். “ஆரத்தி எடுத்து ஏத்தின பொண்ணு பாதி வழியில எறங்கினா குடும்பத்துக்கு ஆவாது. முகூர்த்தம் தப்பினாலும் தப்பட்டும், பொண்ணு எறங்கக் கூடாது.”

முகூர்த்தம் தப்பினால் பழி யார்மேல் விழும்? ராசியில்லாத பெண் என்று என் மகளைத்தான் ஆயுசுக்கும் சொல்வார்கள். மாலாவின் கண் கலங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் வேனை ஓரமாக ஒதுக்கி, காரைத் தாண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்துக் கிணற்றில் கவலை இறைக்கிற வடக்கயிற்றைக் கொண்டுவந்து வேனையும் காரையும் பிணைத்தார்கள்.

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் கூண்டில் ஆள் ஏற்றி மணி அடிக்கிற சம்பங்கி அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். “மொதல்ல வண்டிய காலி பண்ணுங்கப்பா!” என்றார். கீழே சுரங்கப் பாதையில் கல் ஏற்றிவரும் டப் வண்டி மாட்டிக்கொண்டால் கல்லைக் கொட்டிவிட்டுத்தான் நகர்த்துவார்கள். அந்தப் பழக்கம். கண் மூடித் திறப்பதற்குள் பீரோவும் கட்டிலும் ஏரிக்கரையில் வரிசையாக நின்றன.

வேன் உறுமியது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரிப் பீரோமேல் அடித்தது. ஓர் அங்குலம் நகரவில்லை.

வெங்கடம்மா தலையை வெளியே நீட்டினாள். “இத்தினி பெரிய வண்டி, இன்னாத்துக்கு ஆவும்? கருவாடு தூக்கத்தான் ஆவும்.”

அதுவரைதான் என் பொறுமை. “நிறுத்துங்க எல்லாரும்!” என்று போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரரே எஞ்சினை அணைத்துவிட்டார். அந்த வண்டியில் நான் எத்தனை தரம் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன்! மழைநாளில் காலியாகப் போனால் ஏற்றத்தில் வழுக்கும். அரிசி மூட்டை ஏற்றி வந்தால் அதே ஏற்றத்தில் தரையைக் கவ்விக்கொண்டு ஏறும்.

“காலி வண்டிக்கு ஏதுய்யா பிடிப்பு? சுமை ஏத்துங்க!”

“பீரோவ மறுபடியும் ஏத்த நேரம் ஏதும்மா?” என்றார் சம்பங்கி.

“பீரோ எதுக்கு? நீங்க இன்னா காத்தா? ஏறுங்க!”

சம்பங்கியின் முகம் மலர்ந்தது. “கேஜில நிக்கிற மாதிரி நில்லுங்கடா! எல்லாம் பின்சக்கரத்து மேல!”

தினமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாதாளத்துக்கு இறங்குகிறவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பதினாறு பேர் மூச்சைப் பிடித்து நெருக்கி நின்றார்கள். வேனின் பின்பக்கம் தணிந்து உட்கார்ந்தது. கதவில் எழுதிய ஒரு டன் அன்றைக்குத்தான் உயிரோடு ஏறியது.

கயிறு விறைத்தது. வேன் ஒருமுறை முனகி, பெருமூச்சு விட்டது. சக்கரம் மண்ணைக் கடித்தது. ஒரு முழம். இரண்டு முழம். சேறு சப்தத்தோடு காரை விட்டது. “வருது, வருது!” என்று நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடினேன். வெட்கம் மானமெல்லாம் பார்க்கிற நேரமா அது?

கரை ஏறியும் கார் எஞ்சின் கிளம்பவில்லை. கிளம்பாமல் போனதே நல்லதாயிற்று. எங்கள் வேன் முன்னால் இழுக்க, மாலை போட்ட அந்தப் படகுக் கார் கயிற்றில் பின்னால் வர, வேனுக்குள்ளிருந்து பதினாறு பேர் தகரத்தைத் தட்டித் தாளம் போட, ஊரே தெருவில் வந்து நின்று பார்த்தது. மேளக்காரர் எங்கள் வேனைப் பார்த்துத்தான் நாயனத்தைத் தூக்கினார். மாலா சிரித்துக்கொண்டே பந்தலில் இறங்கினாள். நான் அழுதேன். ராகு காலத்துக்கு முன்பே தாலி ஏறியது. சீரை மத்தியானம் போய் ஏற்றி வந்தோம்.

மறுநாள் மறுவீட்டுக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். காரைப் பழுது பார்த்து, துடைத்து நிறுத்தியிருந்தார்கள். வெங்கடம்மா அதைத் திரும்பிப் பார்க்காமல் நேராக வேனுக்கு வந்து, கதவைத் திறந்து, என்னுடைய முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“சம்பந்தியம்மா, கருவாட்டு வாசனை வருமே?” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வந்தா வருது. நீங்க இன்னும் பத்துப் பேர பின்னால ஏத்துங்க. வழியில ஏத்தம் கீது.”