கேண்டா காகா நான்தான்

செல்வமேரி மாலை ஐந்து மணிக்குக் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று தெரியவந்தபோதே வீட்டில் ஏதோ நடக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. என் மனைவிக்கு வயது ஐம்பத்தெட்டு. இப்போது வீட்டில் சின்னக் குழந்தை யாரும் கிடையாது. ஜெபக் கூட்டத்துப் பாட்டைத் தவிர கைபேசியில் வேறெதையும் பார்க்காதவள், கசார்வாடியில் எங்கள் ஒன்றரை அறை வீட்டின் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்தி பேசும் மிருகங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் உள்ளே நுழைந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். மடியில் கனமில்லாதவள் எதற்குக் கவிழ்க்க வேண்டும்?

நான் இந்த மராத்தி ஊருக்குப் பிழைக்க வந்து, முப்பத்தொரு வருஷம் போல்ட்டு செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். எங்கள் வேலையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு போல்ட்டில் மரை தேய்ந்திருந்தால் அது தற்செயல். அதே தேய்மானம் அதே இடத்தில் மூன்று போல்ட்டில் இருந்தால் கோளாறு மெஷினில். ஓடுகிற மெஷினை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடலாம், சூப்பர்வைசர்கூட மறுபேச்சுப் பேச முடியாது. ரிட்டயரான பிறகு நிறுத்துவதற்கு மெஷின் இல்லை. கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவள் குளிக்கப் போன நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒரு காலனியில் பூனை, முயல், கழுதை எல்லாம் குடித்தனம் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கேண்டா காகா என்று ஒரு காண்டாமிருகம். வயதானவர், தொப்பை, மீசை. வீட்டைப் பூட்டுகிறார். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். தெருமுனை வரை போகிறார். சந்தேகம் வந்து திரும்பி வந்து மறுபடி இழுக்கிறார். அதற்குள் பஸ் போய்விடுகிறது.

பூட்டை இழுப்பது நான். தெருமுனையிலிருந்து திரும்பி வருவது நான். அதற்காக எத்தனையோ பஸ்ஸை விட்டவனும் நான்தான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. கதை என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று ப்ரீதி ஜெபமணி.

ஜெபமணி நான். ப்ரீதி எங்கள் ஒரே மகள். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டுக்கு வருவதில்லை. ஏரவாடாவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கும் இர்பானைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று, அந்தப் பையனையே கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். நான் அவன் எதிரிலேயே அவளை ஓர் அறை அறைந்தேன். போய்விட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

போனவள் ஊருக்கெல்லாம் என்னைக் காட்டிச் சிரிக்கிறாள். அதுவும் என் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டே. கல்யாணமான பிறகும் அந்தப் பெயரை ஏன் எடுக்கவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். பழிவாங்குகிறவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பழிவாங்குவாளோ?

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். செல்வமேரி சந்தைக்கும் சர்ச்சுக்கும் போகிற நேரம் பார்த்து, என் கைபேசியில் ஒவ்வொரு எபிசோடாகப் போட்டுப் பார்த்து, எபிசோடு எண், நிமிஷம், குற்றம் என்று கோடு போட்டு எழுதினேன். பதினோராவது எபிசோடு: காகா டீயில் பிஸ்கட்டை முக்குகிறார், அது உடைந்து விழுகிறது. அதை எடுக்க இன்னொரு பிஸ்கட்டை விடுகிறார், அதுவும் விழுகிறது. மூன்றாவதும் விழுகிறது. பன்னிரண்டு: மறுபடி பிஸ்கட். பதினான்கு: மறுபடி. ‘எங்க காலத்துல’ என்று காகா விரலை நீட்டிப் பேச ஆரம்பித்தால் போதும், பேச்சு முடிவதற்குள் தலையில் பூந்தொட்டி விழுகிறது. பூந்தொட்டி தவிர எல்லாம் நான். ஒரு எபிசோடில் ரோடு ரோலர் ஏறிக் காகா சப்பாத்தியாகிப் போகிறார், அடுத்த காட்சியில் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அதை மட்டும் நான் எழுதவில்லை. எனக்கு அப்படி நடந்ததில்லை.

இருபத்திரண்டு எபிசோடு பார்த்தேன். ஒன்றில்கூட நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிஸ்கட்டுக்கு இரண்டு தடவை சிரித்துவிட்டேன். ஒரே குற்றம், ஒரே இடம், மூன்று தடவைக்கு மேல். இது தற்செயலே இல்லை. மெஷினில்தான் கோளாறு.

ஆனால் வீட்டை விட்டுப் போனவளுக்கு இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் இருக்குமா? உள்ளேயிருந்து யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் என்னைத் தவிர இருப்பது ஒரே ஆள்.

செல்வமேரி வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நோட்டை அவள் முன்னால் போட்டேன்.

“ஏட்டி, நீதான சொல்லிக் குடுத்த?”

“என்னத்த?”

“பூட்ட இழுக்கது, பிஸ்கட்ட டீயில விடுதது, அம்புட்டையும்.”

அவள் நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கப் படித்தாள். கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

“அவளுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமாக்கும்? இருவத்தாறு வருசம் இந்த வீட்டுலதான கெடந்தா.”

“ஊரே சிரிக்கி. நான் அவ ஆபீஸ்ல போய் கம்ப்ளைண்ட் குடுக்கப் போறேன்.”

“போய்க் குடுங்க.”

“என்ன, போவச் சொல்லுத?”

“நீங்கதான போறேன்னிய. மெட்ரோல ஸ்வார்கேட் வரைக்கும் போங்க. அங்கன கோந்த்வா பஸ் நிக்கும். மஸ்ஜித் ஸ்டாப் தாண்டி ரெண்டாவது சந்து, மூணு மாடிக் கட்டடம்.”

எனக்குத் தெரிந்து கோந்த்வா பக்கமே போகாதவள், சந்து வரைக்கும் மூச்சு விடாமல் சொல்கிறாள். மறுநாள் காலையில் பார்த்தால் என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டிருக்கிறாள். சண்டைக்குப் போகிற புருஷனுக்கு எந்தப் பெண்டாட்டி சட்டை தேய்ப்பாள்? இவள் மேல் இருந்த சந்தேகம் இரண்டு பங்கானது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மெட்ரோவில் எதிர் சீட்டில் ஒரு தாயும் ஆறு வயதிருக்கும் பெண் குழந்தையும். குழந்தை கையில் கைபேசி. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், கேண்டா காகா. காகா தெருமுனைக்குப் போனதும், அவர் திரும்புவதற்கு முன்னாலேயே குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. “ஆத்தா பரத் யேணார்!” என்று தாயிடம் மராத்தியில் சொன்னது. இப்போது திரும்பி வருவார் பார் என்று.

அது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. கோபமாக அல்ல. போட்டோவில் தன் முகத்தைக் காட்டுகிறவன் மாதிரி. எனக்கு எதற்கு அப்படி ஓர் ஆசை வந்தது என்று என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்வார்கேட் வரும் வரை நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

கட்டடத்தின் கீழே கண்ணாடிக் கதவு, மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு பெண். கம்ப்ளைண்ட் கொடுக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னேன். யார் மேல் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். நீங்கள் யார் என்றாள். அவளுடைய அப்பா என்று நான் சொன்னதும் மேலே போன் போட்டாள்.

ப்ரீதி படிக்கட்டில் ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். முடியைத் தோள் வரை வெட்டியிருந்தாள்.

“அம்மாக்கு என்ன?”

“அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாதான் இருக்கா.”

“பின்ன?”

நான் நோட்டைத் திறந்தேன். இத்தனை நாள் மனப்பாடம் செய்திருந்த முன்னுரை எல்லாம் காற்றில் போய்விட்டது. அதனால் நேராகப் படிக்க ஆரம்பித்தேன். எபிசோடு எண், நிமிஷம், பூட்டு. எபிசோடு எண், நிமிஷம், பிஸ்கட். மேஜைப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ரீதி நான்கு பக்கம் வரை நின்று கேட்டாள்.

“எல்லா எபிசோடும் பாத்தீங்களா?”

“இருவத்திரெண்டு. நீ என்னய வச்சுப் பண்ணுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“அப்பா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “அது நீங்க இல்லப்பா.”

“பொய் சொல்லாத. பூட்டு?”

“அது அம்ருதாவோட அப்பா. என்கூட எழுதுறவ, அவங்க ஊரு சத்தாரா. அவ சொன்னதும் ரூம்ல இருந்த ஆறு பேரும் எங்க வீட்லயும் இப்டித்தான்னு சொன்னாங்க. அதனாலதான் வெச்சோம். பிஸ்கட் எல்லார் வீட்லயும் நடக்குறது.”

“அப்ப ஒவ்வொண்ணும் திருப்பித் திருப்பி வருதே? ஒண்ணு ரெண்டுன்னா சரி. மூணு வந்தா அது வேணும்னே பண்ணுததுதான?”

“வேணும்னேதான். ஒரு தடவ பண்ணா குழந்தைங்க சும்மா பாக்கும். ரெண்டாவது தடவ புரிஞ்சுக்கும். மூணாவது தடவ வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கும். எல்லா கார்ட்டூன்லயும் இதுதான்ப்பா ஃபார்முலா.”

நான் நோட்டை மூடினேன். ஆத்திரம் தீர்ந்திருக்க வேண்டும், அவமானம் இல்லை என்று ஆகிவிட்டதே. எனக்கோ யாரோ எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இருபத்திரண்டு எபிசோடிலும் என் மகள் என்னையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நான் நம்பியிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நம்பிக்கையில்தான் மூன்று வாரமாகச் சோறு இறங்கியது. இப்போது பார்த்தால் சத்தாராவில் யாரோ ஒரு மனிதர் பூட்டை இழுக்கிறார்.

“அப்ப என்னய நீ எழுதவே இல்லியா?”

கேட்ட பிறகுதான் எவ்வளவு கெஞ்சலாகக் கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

“எழுதினேன். ஒண்ணே ஒண்ணு. அது வரல.”

“ஏன்?”

“காகா கோவத்துல முயலை ஒரு அறை விடுறார். முயலோட கண்ணாடி கீழ விழுந்து உடையுது. அடுத்த சீன்ல கண்ணாடி சரியாயிடணும்பா. யாருக்கு என்ன ஆனாலும் அடுத்த சீன்ல சரியாயிடணும், அதுதான் ரூல். நான் சரியாக்கல. முயல் கீழ உக்காந்து துண்டு துண்டா பொறுக்குது, காகா பாத்துட்டு சும்மா நிக்கிறார். சேனல்ல குழந்தைங்க பயந்துரும்னு சொல்லிட்டாங்க. மாத்தித் தாங்கன்னாங்க. எனக்கு மாத்த வரல. விட்டுட்டேன்.”

அன்று ப்ரீதியின் கண்ணாடி உடைந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சற்று முன் மறைத்துவிட்டேன். ஓர் அறை, போய்விட்டாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவ்வளவுதான் இல்லை. அவள் குனிந்து பொறுக்கினாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதுகூடச் சரியாகத் தெரியாது, தரையைத் தடவித் தடவிப் பொறுக்கினாள். இர்பான் உட்கார்ந்து கூடப் பொறுக்கினான். நான் நின்றுகொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்களின் குற்றத்தை எல்லாம் கோடு போட்டு எழுதுகிறவன், இதை எழுத ஒரு நோட்டு வாங்கவில்லை.

“நான் அடிச்சது தப்பு, ப்ரீதி.”

அவள் அழவில்லை. கையைப் பிடிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“ம்” என்றாள். பிறகு, “எனக்கு மேல மீட்டிங் இருக்கு.”

“அந்தத் தம்பி... இர்பான் இங்க வருவாரா?”

“ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட வருவார். எதுக்கு?”

“அவர்ட்டயும் சொல்லணும். அவர் முன்னாலதான அடிச்சேன்.”

ப்ரீதி என்னை உற்றுப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பார்வை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகவே தெரியும், என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்க வேண்டும்.

“இப்ப மூணே முக்கால்தான் ஆகுது” என்றாள்.

“இருக்கேன்.”

அவள் படியேறிப் போனாள். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கம் இன்னொரு வாசல் இருக்குமோ, என் முகத்தில் விழிக்காமல் அந்த வழியாகவே போய்விடுவாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. மேஜைப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம், எழுந்து போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. அவள் அப்படிப் போனாலும் அது நியாயம்தான். ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பது என் வேலை.