வலது கன்னத்துத் தழும்பு

அன்றைக்கு மழை பெய்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பெய்தது என்கிறார் மாக் சார். நல்ல வெயில், குடையே எடுத்துப் போகவில்லை என்கிறாள் யூங் லாய்-ஃபன். மாக் சார் கடைக்கு எதிர்க்கடை என்னுடையதுதான்; நடந்ததை அங்கிருந்தே பார்த்தேன். ஆனால் சன்னலே இல்லாத அந்த மூன்றாம் மாடியில் எங்களுக்கு மழையும் வெயிலும் ஒன்று. இதில் வேறு சில இடங்களிலும் நான் தவறியிருக்கலாம். தழும்பு எந்தக் கன்னத்தில் இருந்தது என்பதில் மட்டும் தடுமாற்றம் கிடையாது.

மோங் கோக் பகுதியின் பொம்மைக் கடைக் கட்டடத்துக்குள் வருகிறவர்கள் வாங்குவதும் விற்பதும் மற்றக் கடைகளில்தான். மாக் சாரிடம் தீர்ப்புக்கு மட்டும் வருவார்கள். பொம்மையை அவர் மேசை விளக்கின் கீழ் நிறுத்தி, மூட்டுகளை மடக்கிப் பார்த்து, கண்ணில் உருப்பெருக்கியை வைத்து, கடைசியில் ஒரு மஞ்சள் தாளில் அசல் என்றோ போலி என்றோ எழுதி முத்திரை குத்துவார். ஹாங்காங் முழுக்க அதற்கு மேல் பேச்சில்லை.

லாய்-ஃபனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பிரின்ஸ் எட்வர்ட் பகுதியில் ஒரு நகப்பூச்சுக் கடையில் வேலை. பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாம்பல் நாரை. பதினேழு வருடங்களுக்கு முன் திரையரங்குகளை நிரப்பிய படத்தின் நாயகி; ஓரடி உயரப் பெண்ணுருவம், விரித்த சிறகு, வலது கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு.

மாக் சார் உருப்பெருக்கியைக் கையிலேயே எடுக்கவில்லை. "விக்கறதுக்கா அக்கா?"

"இல்ல. கண்காட்சிக்கு."

அடுத்த மாதம் அந்தப் படத்துக்காக ஒரு கண்காட்சி நடக்க இருந்தது. மஞ்சள் தாள் இருந்தால்தான் பொம்மையை உள்ளே வைப்பார்கள்.

மூலையில் நின்று வேறு பெட்டியைத் துருவிக்கொண்டிருந்த ஹோ எட்டிப் பார்த்தான். வீட்டில் முந்நூறு பொம்மை வைத்திருக்கிறவன். "அக்கா, தழும்பு வலப்பக்கம் இருக்கு. எல்லை தாண்டிச் சீனச் சந்தையில வாங்கினீங்களா? உங்க தலையில நல்லாக் கட்டிட்டான்."

"உன்கிட்ட இருக்கற நாரைக்கு எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். அதான அசல்."

"படத்துல எந்தப் பக்கம்?"

ஹோ சமாளித்தான். "படம் வேற, பொம்மை வேறக்கா."

"அப்ப நீ ஆசைப்பட்டு வாங்கினது வெறும் பொம்மையைத்தான். நாரை யாருன்னே உனக்குத் தெரியாது."

மாக் சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். அவரே எழுதியது, ஊரெல்லாம் நகலெடுத்து வைத்திருந்தது. அதன் முதல் வரி: இடது கன்னம் அசல், வலது கன்னம் போலி.

லாய்-ஃபன் பட்டியலைப் படித்தாள். பிறகு அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "அந்த வரி உங்களுக்குக் கிடைச்சது என்னாலதான். இதை வரைஞ்சது நான்."

க்வாய் சுங்கில் ஒரு தொழிற்கூடத்தின் ஒன்பதாம் மாடியில் அவள் மூன்று வருடம் முகம் வரைந்திருந்தாள். நாரை வந்தபோது, பார்த்து வரைவதற்கென்று மேலேயிருந்து வந்த புகைப்படத்தை யாரோ இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். லாய்-ஃபன் அந்தத் திரைப்படத்தை இரண்டு தடவை பார்த்திருந்தவள். முதல் பொம்மைக்கு வலது கன்னத்திலேயே தழும்பு வைத்தாள். மேற்பார்வையாளன் புகைப்படத் தாளைக் காட்டினான். படத்தில் இப்படித்தான் என்றாள். தாளில் இருக்கிறபடி வரை, உனக்கெதற்குப் படம் என்று பொம்மையைக் கழிவுக் கூடையில் வீசினான். அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த மாடியில் எல்லாப் பெண்களும், அவளும்தான், இடது கன்னத்தில் வரைந்தார்கள். பிற்பாடு போலி செய்ய வந்தவர்களுக்கு அந்தத் தாள் கிடைக்கவில்லை. பாவம், படத்தைப் பார்த்துச் சரியாக வரைந்தார்கள். அதனாலேயே மாட்டிக்கொண்டார்கள்.

மாக் சார் இப்போது உருப்பெருக்கியை எடுத்தார். கண்ணின் ஓரத்தில் மயிரிழைச் சிவப்பு. கருவிழியில் ஒளிப்புள்ளி நடுவில் இல்லாமல் சற்று மேலே தள்ளி. மிகச் சில அசல்களில் மட்டும் அவர் கண்டிருந்த கை. அந்தக் கைக்குப் பெயர் தெரியாமல் பதினேழு வருடமாகத் தேடியிருக்கிறார். வெகுநேரம் அவர் நிமிரவில்லை. மேசையிலிருந்த அவருடைய பால் தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கைதான்," என்றார் கடைசியில். மிக மெதுவாக. "ஆனா அசல்னு எழுத முடியாதுக்கா. நான் இதை விட்டேன்னா நாளைக்கு வலது கன்னத்தோட ஐநூறு பேர் வந்து நிப்பான். எல்லாரும் இதே கதையைச் சொல்லுவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்று இழுப்பறையிலிருந்து மெல்லிய தூரிகையையும் சாயக் குப்பியையும் எடுத்து வைத்தார். "வலப்பக்கத்தை அழிச்சிட்டு இடப்பக்கம் வெச்சிருங்க. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. உங்க கை, உங்க பொம்மை. நான் பார்க்கல. அசல்னு எழுதித் தரேன்."

அவள் தூரிகையை எடுத்தாள். பழக்கத்தில் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். ஒரு தழும்புக்கு மூன்று இழுப்பு. அவள் விரலுக்கு அது மறக்கவில்லை. ஒருநாள் முழுக்க முகம் முகமாக வரைந்து, மாலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் மின்தூக்கிச் சுவரில் சாய்ந்து நின்ற வருடங்கள் நினைவுக்கு வந்தன. அத்தனை முகங்களிலும் தெரிந்தே செய்த தப்பு. தப்பில்லாமல் செய்தது இது ஒன்றுதான். இதையும் கெடுத்தால்தான் அசலாம்.

தூரிகையைக் கீழே வைத்தாள்.

"போலின்னே எழுதுங்க."

"அக்கா..."

"எழுதுங்க மாக் சார். அந்தத் தாள்ல செஞ்சவர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போடுவீங்க?"

"அசலா இருந்தா கம்பெனி பேரு. போலியா இருந்தா, தெரியவில்லைன்னு போடுவேன்."

"தெரியாமலா இருக்கு? இப்பத்தான அந்தக் கைதான்னு சொன்னீங்க?"

மாக் சார் பேனாவை எடுத்தார். அசல் என்று எழுதினால் அந்தக் கட்டத்தில் அவள் பெயர் வர வழியே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அவர் எழுதினார். போலி. செய்தவர்: யூங் லாய்-ஃபன். முத்திரையை அழுத்திக் குத்தினார்.

"எழுத்துப் பிழை இல்லாம இருக்கா?" என்று கேட்டுத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு ஹோவைப் பார்த்து, "தம்பி, இனிமே ஏமாந்தா பேர் தெரிஞ்சவங்ககிட்ட ஏமாறு," என்று டப்பாவை மூடினாள்.

கண்காட்சியில் போலிகளுக்கென்று வாசலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். நாரை அதற்குள் போனது, மஞ்சள் தாளோடு.

மாக் சார் மறு வருடம் கடையைக் காலி செய்துவிட்டு மக்காவ் நகரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பட்டியலின் முதல் வரியை அவர் கடைசிவரை மாற்றவில்லை. ஹோ தன் இடது கன்னத்து நாரையை விற்றுவிட்டான். காரணம் சொல்லமாட்டேன் என்கிறான். என் கடை இப்போது கைபேசி உறை விற்கிறது. லாய்-ஃபன் இன்னும் நகம்தான் வரைகிறாள். அவள் மேசைமேல் சாயக் குப்பிகளுக்கு நடுவே நாரை நிற்கிறது, வருகிறவர்களுக்கு வலது கன்னம் தெரியும்படி திரும்பி.