பழைய ஒயர்

கொழுந்தியாளின் போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதே மெக்கானிக்குக்கு மனசு சரியில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் இன்றைக்கு என்னவோ கை கூசியது.

"காலையிலேருந்து இதே கதைதான் அத்தான்" என்று பொத்தானை அழுத்திக் காட்டினாள். உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. திரை இருட்டாகவே கிடந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு குழந்தையின் படங்கள் இருந்தன. பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த குழந்தை, போன வாரம் போய்விட்டது. பெற்றவர்களின் போனில் இருப்பதெல்லாம் மூக்கில் குழாய் சொருகிய முகம்தான். தெம்பாக இருந்த ஒரே ஒரு நாளில் இங்கே தூக்கி வந்து படம் எடுத்திருந்தார்கள். அதை வாங்கிப் போக இப்போது வந்துகொண்டிருந்தார்கள்.

"காப்பி எடுத்து வச்சிருப்பேல்ல?"

"இருக்கு அத்தான். அதுவும் இதுக்குள்ளதான், ரெண்டாவது டிஸ்க்ல."

"நல்லா வச்சே போ! சாவியையும் மாத்துச் சாவியையும் ஒரே பையில போட்ட மாதிரி."

அவள் சிரிக்கவில்லை.

மூடியைக் கழற்றினான். மெமரியை உருவி, ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். ம்ஹூம். கரண்ட் கொடுக்கும் பெட்டியருகே மூக்கை வைத்தான். தீய்ந்த வாடை. அப்பாடா என்றிருந்தது.

"பவர் சப்ளைதான் படுத்துருச்சு. டிஸ்க் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும், பயப்படாத."

"அப்போ அது ரெண்டையும் கழட்டித் தனியா வச்சிட்டுப் பாருங்களேன்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

தன் கடையிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்த வேறு கம்பெனிப் புதுப் பெட்டியை மாட்டினான். பெரிய ஒயர்களையெல்லாம் மாற்றினான். டிஸ்க்குகளுக்குப் போகும் ஒயரை மட்டும் விட்டுவிட்டான். அது தகட்டுக்குப் பின்னால் நுழைந்து இறுகக் கட்டப்பட்டிருந்தது, அவிழ்ப்பது பெரிய ரோதனை. பழைய ஒயரின் முனையும் புதுப் பெட்டியில் டக்கென்று உட்கார்ந்தது. முனை பொருந்தினாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கம்பிகளின் வரிசை வேறு, கரண்ட் இடம் மாறிப் பாய்ந்துவிடும். கடையில் வேலை செய்கிறவர்களிடம் இதைத்தான் கரடியாய்க் கத்துவான். தன் கை வேலை என்று வந்ததும் புத்தி எங்கோ மேயப் போய்விட்டது.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"வந்துட்டாங்க அத்தான்!"

அவசரமாகப் பொத்தானை அழுத்தினான். பட்டென்று ஒரு சின்னச் சத்தம். டிஸ்க்குகள் இருந்த மூலையிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. விசிறி மட்டும் ஜம்மென்று சுற்ற, திரையில் வெளிச்சம் வந்தது. டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

குனிந்து அந்த ஒயரைப் பார்த்தான். இந்த நிமிஷம் வரைக்கும் டிஸ்க் இரண்டும் நல்லபடியாகத்தான் இருந்திருக்கின்றன. எந்தப் பழுதும் அவற்றைத் தொடவில்லை. தான்தான் தொட்டுக் கெடுத்தோம் என்று நினைக்கையில் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கதவருகே நின்ற கொழுந்தியாள் வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தாள். "வந்துருச்சு! வாங்க, வாங்க, சரியாயிடுச்சு!" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் வாயெடுப்பதற்குள் குழந்தையின் அம்மா உள்ளே வந்து, நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிக்கிற படம் ஒண்ணு எடுத்தாங்க அண்ணே. அதை முதல்ல காட்டுங்க. அதுக்கப்புறம் எம்புள்ள சிரிச்சு நான் பாக்கவே இல்ல."