புழுதி விதைப்பு

வரப்போரம் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. மடியில் சோளத்தைக் கட்டிக்கொண்டு காட்டுக்கு நடுவில் நின்ற பழனாயிக்கு, முதல் பிடியை எந்தப் பக்கம் வீசுவதென்று தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் காட்டில் களை வெட்டியிருக்கிறாள், கதிர் அறுத்திருக்கிறாள், சோளத்தட்டுக் கட்டுகளைச் சுமந்து போர் போட்டிருக்கிறாள். விதை மட்டும் வீசியதில்லை. அது ரத்தினசாமியின் வேலை. அவர் கிழக்கே பார்த்து நின்று ஒரு கணம் கண்ணை மூடுவார். அப்புறம் கால் நடக்க, கை தன்பாட்டுக்கு வீசிக்கொண்டே போகும். போர்வெல் வற்றிய வருசம் திருப்பூருக்குப் போன அவர், இப்போது ஒரு பனியன் கம்பெனியில் காக்கி உடுப்போடு வாட்ச்மேனாக நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார். சாப்பிடுவார், தூங்குவார், பொழுது சாயும் முன்னே பெருமாநல்லூர் போய் பஸ் பிடித்துவிடுவார்.

"யக்கா, ஒரு தூத்தல்கூட விழுகல. மழ பெஞ்ச பெறகு விதைக்கலாமுல்ல?" என்றான் டிராக்டர்க்காரன் சோணைமுத்து. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வண்டி ஓட்டப் போனவன்.

"மழை பேஞ்சா உன்ற வண்டி எனக்குக் கெடைக்குமா சாமி? ஊரே உன்னையக் கூப்புடும். புரட்டாசி முடியப் போவுது. புழுதியிலயே கெடக்கட்டும். மழை வாரப்ப மொளைச்சுக்கும்."

காரணம் அது மட்டுமல்ல. போன ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே ரத்தினசாமி சொல்லியிருந்தார்: "எருமைய வித்துப்போட்டு அங்கியே வந்துரு புள்ள. கம்பெனிக்குள்ளயே ஒரு ரூம் தாரேங்கறாங்க. அதுக்குப் போடத் தட்டும் தீந்துபோச்சு. இங்க ஒண்டியா இருந்து என்ன பண்ணப் போற?" பழனாயி மோரை ஊற்றினாள். பயிர் நிற்கிற காட்டை விட்டுவிட்டு வா என்று அவரால் சொல்ல முடியாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் விதைப் பானையைத் திறந்தாள்.

முதல் பிடி காலடியிலேயே குவிந்து விழுந்தது. இரண்டாவதைக் காற்று வரப்புக்கே கொண்டுபோனது. போகப் போகக் கை கொஞ்சம் பழகியது என்றாலும், வீசியது எங்கே விழுந்தது, விட்டது எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்குப் பின்னாலேயே சோணைமுத்து உழவோட்டி விதையை மூடிக்கொண்டு வந்தான். கிளம்பிய புழுதியில் கொஞ்ச நேரம் காடும் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை. அது அடங்கியபோது அவன் தார்ரோட்டில் போய்க்கொண்டிருந்தான்.

அப்புறம் மயில்கள் வந்தன. காலையில் கம்பெனி வண்டி ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும்போது, ஜன்னல் வழியே அவர்கள் பார்ப்பார்கள். பழனாயி ஒரு தட்டத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடிக்கொண்டிருப்பாள். அந்த வண்டி போய்விட்டால் அந்த வட்டாரத்தில் பேச ஆள் கிடையாது. பகலெல்லாம் மயிலை விரட்டிக் கத்திவிட்டு, சாயங்காலம் எருமையைக் கூப்பிடும்போது அவள் குரலே அவளுக்கு யாருடையதோ போலிருக்கும். போனில் ரத்தினசாமி, "மழையுண்டா?" என்பார். "இல்லீங்க. சாப்புட்டீங்களா?" என்பாள். மாற்ற ஆளில்லை என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரால் வர முடியவில்லை. விதைத்ததை அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டது அடுத்த நாள் சொல்ல இன்னும் கனமாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் அவினாசிப் பக்கம் கறுத்து வந்து மழை பிடித்தது. கூரைத் தகரம் சத்தம் போட, பழனாயி வாசலில் நனைந்துகொண்டே நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள்.

"ஏனுங்க, இங்க..."

"டூட்டில இருக்கறன் புள்ள, அப்பறம் பேசறன்."

போன் அணைந்தது. அதற்குள் மழையும் விட்டுவிட்டது. அவள் மாட்டுச்சாளையில் போய் எருமையின் முதுகில் கைவைத்து, "மழை பேஞ்சுது ஆயா," என்றாள்.

பயிர் முளைத்தபோது அவள் வீசிய லட்சணம் அப்படியே தெரிந்தது. ஓரிடத்தில் தலைமுடிபோல் நெருக்கம், பக்கத்தில் பாய் விரிக்கிற அளவு வெறும் தரை. என்றாலும் பச்சை. மறுபடி வெயில் ஏறியது. மத்தியானத்தில் இலைகள் சுருண்டுகொண்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் விரிந்தன.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கிய ரத்தினசாமி வீட்டுக்கு வரவில்லை. நேராகக் காட்டு வரப்பில் போய் நின்றார். பழனாயி பின்னாலேயே போனாள்.

"ஆரு வெதச்சது?"

"நாந்தானுங்க."

அவர் குந்தி உட்கார்ந்து, நெருக்கமாக முளைத்திருந்த ஒரு கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே எடத்துல கொட்டிப்போட்டியே புள்ள," என்றார். கோபமில்லாத குரல்தான். அவருக்கு அழுகை வருகிறதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பிறகு ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டு, வெளியே எடுத்து, நுனியில் ஒட்டியதைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"அடியில ஈரம் இருக்குது. நாலஞ்சு நாள் தாங்கும்."

"அப்பறமுங்க?"

அவர் போனை எடுத்துப் பேசினார். "ஆமாங்க, நாந்தான். எருமையப் பாக்க இன்னைக்கு வர வேண்டாமுங்க. ஒரு வாரம் போவட்டும்."

வியாபாரியை வரச் சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் பழனாயிக்குத் தெரிந்தது. அவளும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னவெல்லாமோ சொல்ல இருந்தது. மயிலைப் பற்றி, மழை வந்த சாயங்காலத்தைப் பற்றி. எங்கே தொடங்குவதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது தார்ரோட்டில் ஒரு கார் நீளமாக ஹாரன் அடித்தது.

ரத்தினசாமி சட்டென்று எழுந்துவிட்டார். வலது கை நெற்றிக்குப் போனது. இடது கை பக்கவாட்டில் நீண்டு, அங்கே இல்லாத ஒரு கேட்டின் கம்பியைத் தேடியது. கார் போய்விட்டது. சுருண்ட பயிர்களுக்கு நடுவில் அவர் அப்படியே விறைப்பாக நின்றார். பழனாயி குனிந்து, இல்லாத ஒரு களையைப் பிடுங்கத் தொடங்கினாள்.